நாற்பது ஷரத்துகள்

பழைய சட்டம் காலாவதியாகி எட்டு மாதமாகிறது. புதியதை எழுதும் குழுவுக்கு வரைவு நகலை உரக்க வாசிப்பது என் வேலை. புது உறுப்பினர் வந்தால் முதலிலிருந்து வாசிக்கவேண்டும் என்பது குழு தானே போட்டுக்கொண்ட விதி. கட்சிகளுக்கோ வாரத்துக்கு ஓர் ஆளை மாற்றாவிட்டால் தூக்கம் வராது. நாற்பதாவது ஷரத்தை ஒருநாளும் தாண்டியதில்லை. நாற்பத்தொன்று, பழைய சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகளைப் பற்றியது.

கதவுக்கு வெளியே சந்தனமாரி தினமும் உட்கார்ந்திருப்பாள். கணவன் பழைய சட்டத்தில் சிறையில். "எந்தச் சட்டத்துல விடுறதுன்னு ஜெயில்ல கேக்குறாங்க சார்."

இன்று நாற்பதை முடித்துப் பக்கத்தைப் புரட்டும்போது, கழுத்தில் மாலையோடு ஒருவர் நுழைந்தார். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள்.

"மொதல்லேருந்து வாசிப்பா," என்றார் தலைவர்.

"தொண்டை போச்சுய்யா," என்றேன்.

கதவருகிலிருந்து சந்தனமாரி சொல்லத் தொடங்கினாள், கையில் காகிதமில்லாமல். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலில் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஒரு சொல் பிசகவில்லை.

நாற்பதை முடித்து நிறுத்தினாள்.

"அடுத்தது எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் சொல்லணும்."