திருகாணி போட்ட கட்டில்

"கட்டிலைத் தொடாதீங்க அண்ணி" என்றாள் மிர்ட்டில், மறுபடியும்.

ஐசில்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இறந்துபோன தச்சர் வெர்னலின் அக்கா அவள். இந்தச் சடங்குக்காகவே தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒன்பதாம் நாள். அவன் கடைசியா ஒரு தடவ வீட்ட எட்டிப் பார்ப்பான். எல்லாம் வெச்சது வெச்சபடி இருந்தா, நம்ம வீடுதான்னு இங்கயே தங்கிடுவான். இடத்த மாத்தி வெச்சாத்தான் அடையாளம் தெரியாமப் போய்ச் சேருவான். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். இருந்தாலும் வேண்டாம்."

இரவு கண்விழிக்க வந்து முற்றத்தில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாரான எங்கள் காதிலும் விழுந்தது.

"புருஷனை அனுப்ப மனசில்ல, பாவம்" என்றார்கள் பெண்கள். "செத்த பிறகும் அந்த மனுஷனை விடமாட்டேங்கிறாளே" என்றார்கள் அதே பெண்கள், கொஞ்சம் தள்ளிப் போய்.

"சரி, தொடல. நீ போய் மீன் வறுபட்டுச்சான்னு பாரு" என்று மிர்ட்டிலை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, ஐசில்டா எங்களுக்குக் கண்ஜாடை காட்டினாள்.

போய்த் தூக்கினோம். கட்டில் அசையவில்லை. குனிந்து பார்த்தால், நாலு காலையும் தரையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. மேசையும் அப்படியே. அலமாரியும் நாற்காலியும்கூட.

"பார்த்தியாக்கா, திரும்பி வர முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போயிருக்காரு அண்ணன்" என்றான் எங்களோடு ஆடிக்கொண்டிருந்த கிளோவிஸ். வெர்னலின் பெட்டியிலிருந்தே திருப்புளியை எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

கழற்றக் கழற்ற வெர்னலின் கதைகளும் வெளியே வந்தன. புயலடித்த வருஷம் ஊர்க் கூரைகளை எல்லாம் சரிபண்ணிவிட்டுத்தான் தன் கூரைமேல் ஏறினார் மனுஷன். அதுவரை பெண்டாட்டி பிள்ளைகளோடு மேசைக்கடியில்தான் படுக்கை.

"தங்கமான ஆளு. வாய்தான் ஓயாது" என்றேன் நான்.

"ஆமா, தெருவுல யார் வந்தாலும், இதோ வர்றா பெர்லின், மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவாரு" என்றான் கிளோவிஸ்.

"சர்ச்சுக்குப் போறப்ப பெண்டாட்டி கைய விடவே மாட்டான். பேரன் பேத்தி எடுத்தும் புது மாப்பிள்ளைன்னு நெனப்பு" என்றாள் ஐசில்டா.

சிரித்தோம். கட்டில் ஜன்னல் பக்கம் போனது. மேசை வாசலுக்கு நேரே வந்தது.

மீன் தட்டோடு மிர்ட்டில் வந்தாள். வழக்கமான வேகநடை. நேரே போய் மேசையில் மோதினாள். தட்டு விழுந்து உடைந்தது.

அவள் கீழே பார்க்கவில்லை. ஒரு கையை நீட்டி, கட்டில் இருந்த இடத்தைத் துழாவினாள். அங்கே ஒன்றும் இல்லை.

"யாரு இங்க நிக்கிறது?" என்றாள்.

அவள் முகத்துக்கு நேரே ஐசில்டாதான் நின்றிருந்தாள்.

"அடிப்பாவி, நான்தான்டி..." என்று ஆரம்பித்தவள், மிர்ட்டிலின் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள்.

"பார்வை போய் அஞ்சாறு வருஷமாச்சு அண்ணி. பிள்ளைங்களுக்கே தெரியாது. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

எனக்கு, கொஞ்சம் முன்னால் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஐசில்டா அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு கிளோவிஸ் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் பழைய இடத்துலயே வெச்சு முடுக்குடா."

"அக்கா, அப்புறம் அண்ணன் இங்கயே தங்கிட்டா?"

"தங்கட்டும். யார் யார் வர்றாங்கன்னு இவளுக்குச் சத்தமாச் சொல்ல ஆள் வேண்டாமா?"