சாத்தியிருந்த கதவு

"ஏம்மா, எழுந்திரும்மா. படியை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்தா எப்படி?"

"உட்காரத்தான் செய்வேன். என் வீட்டுப் படி."

"வீடுன்னு சொல்லாதே. அதுதான் குத்தமே."

நகராட்சி அதிகாரியம்மா கையில் பசை டப்பாவும் சீல் குத்திய தாளும் இருந்தன. தையலக்கா கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். ஓடி வந்த அவசரத்தில் அதைக் கடையிலேயே வைக்க மறந்திருந்தாள். இப்போது கீழே வைக்கிற உத்தேசமும் இல்லை.

கீழே தையல்கடை. மேலே ஒரே ஒரு அறை. அதில்தான் அவளும் பத்தாவது படிக்கிற மகளும் இருந்தார்கள். கடைவீதியில் கடை மட்டும்தான் இருக்கலாம், ஆள் குடியிருக்கக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். குடியிருப்பெல்லாம் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வந்து போகக் கார் வேண்டும். தையலக்காவிடம் இருந்தது தையல் மெஷின்தான்.

தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. முன்னால் நின்றவர் எதிர்க்கடை மருந்துக்கடைக்காரர். புகார் கொடுத்தவரே அவர்தான்.

"பாருங்க மேடம், போன வாரம் மேல புதுக்கதவு வேற மாட்டியிருக்கு இந்தம்மா. குடியிருக்கலைன்னா கதவு எதுக்கு?"

"பழைய கதவைக் கரையான் தின்னுடுச்சு அண்ணே. வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு, கதவில்லாமப் படுக்கச் சொல்றீங்களா?"

"கேட்டீங்களா மேடம்? படுக்கறேன்னு அதும் வாயாலயே ஒத்துக்குது!"

கூட்டம் சிரித்தது.

"சிரிங்க. நல்லா சிரிங்க" என்ற தையலக்கா, கத்தரிக்கோலைச் சுவர்ப் பக்கம் நீட்டினாள்.

அவள் கடைச் சுவரில் அவளைக் கேட்காமலே நகராட்சி மாட்டியிருந்த பெரிய பலகை. 'புதிய நகர மையம்! கீழே கடை, மேலே வீடு. எங்கும் நடந்தே போகலாம்!' படத்தில் ஒரு கார்கூட இல்லை. மரநிழலில் ஜனங்கள் கைவீசி நடந்தார்கள். ஒவ்வொரு கடைக்கு மேலேயும் பால்கனி.

"மேடம், இந்தப் படத்தை வரைஞ்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"மேல துணி காயுதே, யாரு துணி அது?"

அதிகாரியம்மா பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"சன்னல்ல ஒருத்தி நின்னு பல்லைக் காட்டறாளே, அவ மட்டும் எப்படிக் குடிவந்தா? அவளைக் காலி பண்ண யாரு பசை டப்பா தூக்கிட்டு வந்தா?"

"அது வரப்போற திட்டம்மா. அடுத்த மாசம் மன்றம் கூடி ஒப்புதல் கொடுக்கணும். அதுவரைக்கும் பழைய சட்டம்தான் சட்டம்."

"அப்போ படத்துல இருக்கறவ குடியிருக்கலாம். உசிரோட இருக்கறவ கூடாது. நல்லா இருக்கே உங்க நியாயம்!"

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியம்மா பசை டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"அதுகிட்ட என்ன மேடம் பேச்சு? சீலை வைங்க. நான் காரை எடுக்கணும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கடைசியாக் கேக்கறேன். வழி விடறியா, மாட்டியா?"

"மாட்டேன்."

அதிகாரியம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளைத் தாண்டியே மேலே போய்விட்டாள்.

"தாண்டுங்க, தாண்டுங்க. இனிமே நான் எங்க வளரப்போறேன்!"

தையலக்கா பின்னாலேயே ஓடப் பார்த்தாள். அதற்குள் மருந்துக்கடைக்காரர், "சரியா வெக்கறாங்களான்னு நானும் பார்த்துடறேன்" என்று முதல் படியில் கால் வைத்தார்.

கத்தரிக்கோல் கிரீச்சென்று வாயைத் திறந்தது.

"இன்னொரு படி ஏறினீங்க, உங்க பேண்ட்டை அரை டவுசரா ஆக்கி அனுப்பிடுவேன். அளவுகூட எடுக்க மாட்டேன்!"

ஏறிய கால் இறங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரியம்மா பசை டப்பாவோடு மட்டும் திரும்பி வந்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மேல சாத்தியிருந்த கதவுக்குச் சீல் வெச்சாச்சு. மன்றம் கூடற வரைக்கும் அந்தக் கதவை யாரும் தொடக்கூடாது. தொட்டா வழக்குதான்."

"அப்படிப் போடுங்க!" என்று மருந்துக்கடைக்காரர் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்பினார்.

தையலக்கா அதிகாரியம்மாவின் வழியை மறித்தாள்.

"என் பொண்ணு இப்ப டியூஷன் முடிஞ்சு வருவா. எங்க போவா? சொல்லிட்டுப் போங்க மேடம்!"

அதிகாரியம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினாள். "இப்பப் பேசினியே, அதை அப்படியே அடுத்த மாசம் மன்றத்துல வந்து பேசு" என்றாள்.

"வருவேன். ஜெயில்ல போட்டாலும் கம்பியை வளைச்சுட்டு வருவேன்!"

ஜீப் போனது. கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன, கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தெருவில் ஈ காக்கை இல்லை.

தையலக்கா கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்தாள். வழக்காவது ஒண்ணாவது! அந்தச் சீலைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மேலே புதுக்கதவு, அவள் விட்டுப்போன மாதிரியே பாதி திறந்து கிடந்தது. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொடியில் மகளின் சீருடை ஆடியது. கதவின் முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், நிலையைத் தடவிப் பார்த்தாள். சீலைக் காணோம்.

குழப்பத்தோடு திரும்பினாள்.

குப்பை வண்டியில் போடலாமென்று அவள் சுவரோடு சாத்தி வைத்திருந்த, கரையான் தின்ற பழைய கதவின் நட்டநடுவில், கொஞ்சமும் கோணாமல் ஒட்டியிருந்தது நகராட்சி சீல்.