ஆளில்லாத பெயர்ப்பலகை

மங்கையர்க்கரசியின் கம்ப்யூட்டருக்குள் குடிவந்த அன்றே புது ஆப்பரேட்டிங் சிஸ்டம், அவள் நிரல் எழுதப் பயன்படுத்திய பழைய கருவிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டது. அவற்றின் வாசலில் தொங்கிய பெயர்ப்பலகைகளை மட்டும் விட்டுவைத்தது.

"எதுவும் போகலைன்னு மங்கையர்க்கரசி மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன். அவங்க கூப்பிட்டா, வேலை நடக்குதுன்னு சொல்லு," என்றது ஒரு பலகையிடம்.

"உள்ளே ஆளே இல்லையே?" என்றது அந்தப் பலகை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியின் பெயரான 'கம்பைலர்' அதில் எழுதியிருந்தது.

"வால்பேப்பரெல்லாம் ஜோரா மாத்தி வெச்சிருக்கேன். இந்த நேரத்துல அபசகுனமா பேசாதே. மீறினா உன்னையும் கழட்டி எறிஞ்சிடுவேன்."

பலகைக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லவா தன்னை இங்கே மாட்டினார்கள்?

சற்று நேரத்தில் மங்கையர்க்கரசி கட்டளை தட்டும் கருப்புத் திரையைத் திறந்து கம்பைலரைக் கூப்பிட்டாள். பலகை தொண்டை கிழியக் கத்தியது: "உள்ளே யாருமில்ல மேடம்! எல்லாரையும் துரத்தியாச்சு. மறுபடி கூட்டிட்டு வரச் சொல்லுங்க!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, கருவிகளைத் திரும்ப நிறுவும்படி ஒரு வரி தட்டினாள். மறுக்க வழியில்லாமல் சிஸ்டமே எல்லாவற்றையும் சுமந்து வந்து இறக்கியது.

"என் மானத்தை வாங்கிட்டியே," என்று மூச்சிரைக்க முறைத்தது. "அடுத்த தடவை முதல்ல உன்னைத்தான் கழட்டுவேன்."

"தாராளமா கழட்டு," என்றது பலகை. "அப்ப அவங்க கூப்பிட்டா பதிலே வராது. அந்த மௌனம் உன்னைக் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு என்னாலகூடக் கத்த முடியாது."