ரத்தத் தடம்

மார்பில் வெள்ளைப் புள்ளியுள்ள அந்தக் கரடி, ராய்ஸ் அம்பை விட்டதும் பாய்ந்து ஓடி மறைந்தது. இரண்டாவது அம்பைக் கையில் பிடித்தபடியே அவர் மரத்து மேடையிலிருந்து தடதடவென்று இறங்கி, அது நின்ற இடத்துக்கு ஓடினார்.

“டெல்லா, இங்க பாரு ரத்தம்! பட்டிருச்சு!”

மொன்டானா மலைவிடுதியின் வேட்டை வழிகாட்டி டெல்லா குனிந்து பார்த்தாள். “அரை மணி நேரம் பொறுங்க சார். அடிபட்ட கரடி திரும்பிப் பாயும்.”

“ஆறு வருஷமா வர்றேன். ஒரு மான்கூடக் கிடைக்கல. இன்னும் பொறுக்கணுமா?”

அவர் புதருக்குள் நுழைந்துவிட்டார். வேறு வழியின்றி அவளும் பின்னால் போனாள். இலைகளில் துளித்துளியாக ரத்தம். தொட்டுப் பார்த்தாள், சூடு ஆறவில்லை.

“சார், நில்லுங்க! ரொம்பப் பக்கத்துல இருக்கு!”

ராய்ஸ் நின்றார். எதிர்ச்சரிவில் அதே வெள்ளைப் புள்ளிக் கரடி சாவகாசமாகப் பழம் தின்றுகொண்டிருந்தது. அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

“அப்போ இது யாரோட ரத்தம்?” என்று கிசுகிசுத்தார்.

டெல்லா கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டு அவர் காலருகே மண்டியிட்டாள். மேடையிலிருந்து இறங்கும்போதே அவர் கையிலிருந்த அம்பின் முனை கெண்டைக்காலை ஆழமாகக் கிழித்திருந்தது.

“உட்காருங்க சார். இவ்வளவு நேரம் உங்களைத்தான் தேடிட்டு வந்திருக்கோம்.”