வலித்தால் கையைத் தூக்குங்கள்

பேராசிரியரின் இடது கை மேலே எழுந்தது.

பல் டாக்டர் உடனே நிறுத்தினார். வலித்தால் கையைத் தூக்கச் சொன்னவர் அவர்தான்.

"இன்னும் மரத்துப் போகலையா சார்? இன்னொரு ஊசி போட்டுடறேன்."

நாற்காலிக்குப் பின்னால், சுவரோரமாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும், அது வலி இல்லை. உள்ளங்கை தரையைப் பார்க்க, காற்றை அமுக்குவது போல எழும் அந்தக் கையைக் கல்லூரியில் நான்கு வருடமாகப் பார்க்கிறாள். மெதுவாக வாசி என்று அர்த்தம்.

அவளுக்குச் சுத்தியல் என்று பெயர் வைத்தவரும் அவரே. அப்பா கல் உடைக்கிறார், அம்மா ஜல்லி சுமக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்த பெயர் தைத்து வைத்த மாதிரி பொருந்திவிட்டது. "சுத்தியல், அது பியானோம்மா, பாறை இல்ல" என்பார். வகுப்பே சிரிக்கும். கடைசித் தேர்வில் அதையே சொல்லி ஃபெயிலாக்கினார்.

மறுதேர்வு நாளை. அதே பேராசிரியர். இதிலும் போனால் பட்டம் போச்சு.

ஆனால் இந்த வேலை கிடைத்ததே அந்தக் கனத்த கையால்தான்.

டாக்டர் கெட்டிக்காரர். என்ன செய்ய, உள்ளே ஒருவர் அலறினால் வெளியே காத்திருப்பவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ரேடியோ வைத்துப் பார்த்தார். அலறல் அதையும் தாண்டியது. பிறகுதான் பியானோ. வேலை கேட்டு வந்தவர்களில் இவள் வாசித்தபோது மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நாளைக்கே வந்துடும்மா" என்றார். என்ன படித்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் இடுக்கியை எடுத்தால் இவள் ஓங்கி வாசிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். என்றைக்காவது வெளிக்கூடம் காலியானால் பியானோவைத் தள்ளிவிட்டு டிவி வாங்கிவிடுவேன் என்றும் சொல்லி வைத்திருந்தார்.

அப்பா குவாரியில் எல்லோரிடமும் மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லியிருந்தார். பியானோ வாசிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றால் எவன் நம்புவான்?

டாக்டர் மறுபடி இடுக்கியை எடுத்தார். அவள் ஓங்கினாள்.

கை எழுந்தது. அமுக்கியது. இன்னொரு ஊசி.

அடுத்த முறை எழுந்த கை வெடவெடவென்று ஆடியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மனைவியின் தோளில் சாய்ந்தபடி வந்த மனுஷர், இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதாலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

டாக்டர் கடைசி ஊசியையும் போட்டார்.

ஓங்கி வாசித்தால் நாளை பட்டம் போகும். ஓங்காவிட்டால் இன்றே வேலை போகும்.

அவள் விரல்களை இறக்கினாள்.

பச்சை முட்டையை அடுக்குவது போல ஒவ்வொரு கட்டையாகத் தொட்டாள். நான்கு வருடமாக வராதது, முக்கி முனகியும் வராதது, வந்துவிட்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. பேராசிரியரின் கை மெல்ல இறங்கி மடியில் கிடந்தது.

அந்த மென்மையின் நடுவே பல் பெயர்கிற சத்தம் அட்சர சுத்தமாகக் கேட்டது. கூடவே பேராசிரியரின் தொண்டையிலிருந்து நாய் ஊளையிடுவது போல நீளமாக ஒன்று கிளம்பியது.

வெளியே நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புகள். கதவு. மறுபடியும் கதவு.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "டாக்டர், சாரோட வீட்டுக்காரம்மாவைத் தவிர ஒரு ஆள் இல்ல வெளிய."

டாக்டர் பியானோ பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் டிவி தெரிந்தது.

போனால் போகட்டும். அவள் எழுந்து நின்றாள்.

"சார், இப்ப மெதுவா வந்துச்சா சார்?"

பேராசிரியர் திரும்பினார். செத்துப்போன உதட்டோடு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, சுத்தியலா? நீ எப்படிம்மா இங்க?"

பதிலுக்குக் காத்திராமல் டாக்டரின் சட்டையைப் பிடித்தார். வார்த்தைகள் எச்சிலோடு வழிந்தன.

"இது இல்லய்யா! அந்தப் பக்கம்! எத்தன வாட்டி கைய ஆட்டினேன்!"

டாக்டர் தட்டைப் பார்த்தார். அதில் சொத்தையே இல்லாத வெள்ளைப் பல் ஒன்று கிடந்தது. பக்கத்தில் ஊசி மருந்துக் குப்பி, காலி.

"மரத்துப் போக மருந்து தீந்துருச்சு சார். நாளைக்கு வந்துடுங்களேன்."

"நாளைக்கு நான் பரீட்சை நடத்தணும். இந்த வலியோட எவன் உக்காருவான்? இப்பவே புடுங்கு."

டாக்டர் இடுக்கியைத் துடைத்தார்.

"முடிஞ்சிருச்சாங்க?" என்று வெளியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

பேராசிரியர் கதவைப் பார்த்தார். இடுக்கியைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக, அவளுடைய கைகளைப் பார்த்தார்.

அவருடைய இடது கை எழுந்தது. இந்த முறை உள்ளங்கை கூரையைப் பார்த்திருந்தது. மேலே போனது. இன்னும் மேலே.

அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.