நான்காவது தையல் மெசின்

பத்மாசினியின் வேலிப் படலையடியில் வெள்ளை வான் நிற்கிறது. அதன் கதவில் புதிய தொண்டு நிறுவனத்தின் வானவில் சின்னம் பளபளக்கிறது. இதற்கு முன் வந்த வான்களில் புறா, குடை, கோத்த கைகள். ஒவ்வொன்றும் ஒரு தையல் மெசினை இறக்கிவிட்டுப் போனது. அந்த மூன்றும் இப்போது அறை மூலையில், பூப்போட்ட பெட்சீற்றுக்குள் ஒளிந்து நிற்கின்றன. ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு மெசின் இருக்கிறது. தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை. “பிள்ளை, எங்கடை கிணறு உவராப் போச்சுது. குடிக்கிற தண்ணிக்கு ஏதும் வழி...” என்று இழுக்கிறாள் பத்மாசினி. “தண்ணி வேறை ஆக்கள் பாக்கினம் அக்கா. எங்களிட்டைத் தையல்தான்,” என்கிறாள் அலுவலர் வித்தியா, படமெடுக்கப் போனை உயர்த்தியபடி. மெசின் வேண்டாமென்றால் உதவிப் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு தண்ணீரோடு ஒரு வான் வந்தாலும் இந்தப் படலையில் நிற்காது. பத்மாசினி, அறைக்குள் இறக்கிவைத்த புது மெசினின் முன் அமர்ந்து மிதிக்கிறாள். நூலில்லாத ஊசி கடகடவென்று வெறுந்துணியைக் குத்துகிறது. யன்னல் காற்றில் பெட்சீற் விலக, மூன்று மெசின்களின் கால்களும் வெயிலில் மினுங்குகின்றன. அவளுடைய கால் நின்றுவிடுகிறது. வித்தியாவும் பார்த்துவிட்டாள். போனை இறக்கி, மூலைக்குப் போய், பெட்சீற்றை நிலம்வரை இழுத்து மூடுகிறாள்.

“இப்ப சிரியுங்கோ அக்கா.”