பூம்பாறை ரசிகர்கள்

கம்பெனியே தயாரிப்பதை நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் பைக் அது. ஜெயமுருகன் தேடிப்பிடித்து வாங்கி, ஹேண்டில், சீட், பெயின்ட் எல்லாவற்றையும் மாற்றி, காது கிழியும் சைலன்சர் ஒன்றையும் மாட்டினான்.

கொடைக்கானலில் தெருவே அவனைக் கரித்துக்கொட்டியது.

"ரசனை கெட்ட ஜென்மங்க!" என்று அவனும் காறித் துப்பினான்.

பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் மக்கள் அப்படியில்லை. வண்டிச் சத்தம் கேட்டதுமே தோட்டத்திலிருந்து ஓடிவந்தார்கள்.

"தெனமும் பொழுது சாய வந்துருங்க தம்பி" என்று தோட்டக்காரி இருளாயி டீ போட்டுக் கொடுத்தாள். தோட்டத்தோரமாக நன்றாக முறுக்கச் சொல்லி எல்லோரும் கை தட்டினார்கள்.

கேரட் போடுகிறவனுக்கு இருக்கிற ரசனைகூட டவுன்காரனுக்கு இல்லையே என்று ஜெயமுருகன் ஏளனமாகச் சிரித்துக்கொண்டான்.

அந்த ரசிகர்களுக்காகவே ஊர் ஊராக அலைந்து, வாங்கும்போதே வண்டியில் இல்லாத, எங்குமே கிடைக்காத கம்பெனி சைலன்சரைப் பிடித்து மாட்டிக்கொண்டு போனான். வண்டி பூனைபோல வந்து நின்றது.

"எப்படிக்கா இருக்கு? ஒரிஜினல்!"

இருளாயியின் முகம் சுண்டிப்போனது.

"அடப் போங்க தம்பி! வெரசாப் போயி அந்தப் பழசையே மாட்டிட்டு வாங்க. ஒங்க வண்டிய நம்பித்தான நாங்க வெடி வாங்குறதையே விட்டோம். அங்க பாருங்க, கேரட்டுக்குள்ள காட்டுமாடு எறங்கிருச்சு!"